சந்தனம் வைத்த மைக்

ஊருக்கே கொரலு குடுக்கிறவன் நான். பெருமைக்குச் சொல்லல, தொழிலே அதுதான். சிதம்பரம் மேல வீதிக்குப் பின்னால "ராஜாமணி சவுண்ட் சர்வீஸ்"னு ஒரு போர்டு தொங்கும், பாத்திருப்பீங்க. இருபத்தெட்டு வருஷமா கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம், கருமாதின்னு எதுவா இருந்தாலும் கடைசி வரிசையில ஒக்காந்திருக்கிற காது மந்தமான ஆளு வரைக்கும் கேக்க வெச்சிருக்கேன். அப்பேர்ப்பட்ட எனக்கு, ஒரே ஒரு வரிய நாப்பத்தஞ்சி கிலோமீட்டர் தள்ளி இருக்கிற கடலூருக்குக் கேக்க வெக்கிறதுக்குள்ள தாவு தீந்துபோச்சி.

அந்த வரி இதுதான்: "எங்கள் குடும்பத்தில் இதுவரை எவரும் பட்டம் பெறவில்லை என உறுதி கூறுகிறேன்."

என் மக சத்யப்பிரியாவுக்கு நர்சிங் படிக்க எடம் கெடச்சிருந்தது. முதல் தலைமுறைச் சான்றுன்னு ஒண்ணு வேணும். வெள்ளிக்கெழம சாயங்காலம் அஞ்சி மணிக்குள்ள அத நெட்டுல ஏத்தலன்னா எடம் அடுத்த ஆளுக்குப் போயிடும். எங்க வகையறாவுல காலேஜு வாசல மிதிச்சவன் நான் ஒருத்தன்தான், அதுவும் ஆண்டு விழாவுக்கு மைக்கு கட்டப் போனப்ப. நான் எட்டாவது, என் பொண்டாட்டி பொன்னி பத்தாவது. யாரும் படிக்கலன்னு சொல்றதுக்கு என்னா பெரிய ஆதாரம் வேணும், பாத்தாலே தெரியுதேன்னு நெனச்சேன்.

முன்னல்லாம் இதுக்கு கடலூருக்கே போயி அதிகாரி முன்னாடி நின்னு சொல்லணும். ஜனங்க அலையறாங்களேன்னு மனசு எரங்கி, போன வருஷம் சிதம்பரத்துல ரயிலடிப் பக்கம் ஒரு மாடியில "மக்கள் குரல் சரிபார்ப்பு மையம்" தொறந்தாங்க. நாம இங்க ஒக்காந்து கம்ப்யூட்டர்ல வைஃபை கால் போட்டு சொல்லணும். கடலூர்ல இருக்கிற அதிகாரி கேட்டுட்டு ஒரு பட்டன அமுக்குவாரு. சான்று இங்கயே பிரிண்டாயிடும். சொல்றதுக்கு ரெண்டு நிமிஷம் ஆகும்னு போட்டிருந்தாங்க.

செவ்வாக்கெழம காலையில மகள கூட்டிக்கிட்டுப் படியேறினேன். வாசல்ல ரெண்டு போர்டு இருந்தது. ஒண்ணுல "உங்கள் குரலே எங்கள் உயிர்". அதுக்குக் கீழ இருந்ததுல "சத்தம் போடாதீர்".

உள்ள மங்கலம்னு ஒரு அம்மா இருந்தாங்க, ஆப்பரேட்டரு. நெத்தியில குங்குமம், பக்கத்துல விபூதித் தட்டு, நல்ல மனுஷி. "படிச்சிப் பாத்துக்குங்கண்ணா"ன்னு சான்றோட மாதிரியக் காட்டினாங்க. அதுல கடைசி வரி: "மேற்படி நபர் வாய்மொழியாகக் கூறிய ஒவ்வொரு சொல்லையும் செவிமடுத்து, அவை யாவும் உண்மையென ஏற்கப்படுகின்றன." கீழ, செவிமடுப்பு அலுவலர், கடலூர்.

"செவிமடுப்பு அலுவலர்னா யாரும்மா?"

"கேக்கறவருண்ணா. சார்லஸ் சார்."

கேக்கறதுக்குன்னு தனியா ஒரு உத்தியோகம் இருக்கிறதே அன்னிக்குதான் எனக்குத் தெரியும்.

மங்கலம் எழுந்து போயி, பூப்போட்ட உறைய எடுத்து மடிச்சி, அதுக்குள்ள இருந்த பிளாஸ்டிக் உறைய எடுத்து மடிச்சி, கம்ப்யூட்டரப் போட்டாங்க. பழைய டெஸ்க்டாப்பு. அது கண்ணத் தொறக்கிறதுக்குள்ள நான் கீழ போயி டீ குடிச்சிட்டு, அன்னிக்கி பேப்பரும் படிச்சிட்டு வந்துட்டேன். அது பொறந்த காலத்துல வைஃபையே கெடையாதுங்கறதால, பின்னால கட்டவெரல் தண்டிக்கு ஒரு குச்சிய சொருவியிருந்தாங்க. அந்தக் குச்சிதான் வைஃபையப் புடிக்கணுமாம். திரையில "சிக்னல் இல்லை"ன்னு வந்தது.

"ரவுட்டர் எங்கம்மா இருக்குது?"

மங்கலம் உள்ரூமுல நின்ன ஸ்டீல் பீரோவக் காட்டினாங்க. பூட்டியிருந்தது. பீரோ முதுகுல ஓட்டை போட்டு வயரு மட்டும் உள்ள போயிருந்தது.

அந்த ரூமுலேருந்து பொறுப்பு அலுவலர் கார்த்திகேசன் வெளிய வந்தாரு. மடிப்புக் கலையாத சட்டை, பாக்கெட்டுல மூணு பேனா. நான் மரியாதையாத்தான் கேட்டேன்.

"சார், இரும்பு பீரோவுக்குள்ள பூட்டி வெச்சா அலை எப்பிடி சார் வெளிய வரும்?"

அவரு என்னைய பாவமாப் பாத்தாரு. "தம்பி, அது அரசுப் பொருள். திருடு போனா என் சம்பளத்துல புடிப்பாங்க. தணிக்கைக்கு வர்றவன் அலை எங்கன்னு கேக்க மாட்டான், ரவுட்டர் எங்கன்னுதான் கேப்பான்."

அவரு மேசையிலேருந்து "குறைநீக்க நடைமுறை"ன்னு பதினாலு படி எழுதின தாள எடுத்தாரு. ஒவ்வொரு படிக்கும் செஞ்சதா அவரு ஒரு கையெழுத்து, பாத்ததா நான் ஒரு கையெழுத்து. ஒண்ணாவது படி, கணினியை அணைத்துப் போடவும். அணைச்சிப் போட்டாங்க, நான் மறுபடியும் டீ குடிச்சேன். அஞ்சாவது படி, "தங்கள் குரல் கேட்கிறதா என மறுமுனையில் உள்ளவரிடம் வைஃபை கால் வழியாகக் கேட்கவும்." பதினாலாவது படி, "இதன் பிறகும் கேட்கவில்லையெனில் வைஃபை கால் வழியாகப் புகார் செய்யவும்."

பதினோராவது படியில பீரோ கதவ விரக்கட அளவு தொறக்கலாம்னு அனுமதி இருந்தது. தொறந்தாரு. திரையில ஒரு கோடு வந்தது, கால் ரிங் போச்சி. அந்தப் பக்கம் சார்லஸ் எடுத்தாரு. எனக்கு மண்டையில ஒரு ஹெட்போன மாட்டி விட்டாங்க, தூசி படக்கூடாதுன்னு பாலித்தீன் பையோட. நான் வரிய சொன்னேன். கேக்கலன்னாரு. கத்திச் சொன்னேன். மங்கலம் வாசல் போர்டக் காட்டினாங்க.

நான் குனிஞ்சி கம்ப்யூட்டர் முதுகப் பாத்தேன். மைக்கு பின்னு ரோசு கலரு, அத நீல ஓட்டையில சொருவி வெச்சிருக்காங்க. என் கடையில டீ வாங்கியாறவனுக்குக் கூட தெரியும் அது தப்புன்னு. கைய நீட்டினேன்.

"தொடாதீங்கண்ணா"ன்னு மங்கலம் பதறிப்போனாங்க. "டெக்னீசியன் மட்டுந்தான் தொடணும். கடலூர்லேருந்து வரணும் அவரு."

"வரச்சொல்லுங்களேன்."

"வைஃபை கால்ல சொல்லணுமே."

இதுக்குள்ள கார்த்திகேசன் தன்னோட செல்ல எடுத்து சார்லஸுக்குப் போட்டாரு. "சார், நம்ம கொரல் வருதா?" செல்லுலேருந்து சார்லஸ் கணீர்னு சொன்னாரு, "செல்லுல நல்லா வருது சார், கால்ல வரல." ரெண்டு பேரும் பத்து நிமிஷம், கால் ஏன் கேக்கலங்கறதப் பத்தி செல்லுல பேசினாங்க. நடுவுல பையனோட நிச்சயதார்த்தம் பத்தியும் பேசினாங்க. ஒரு வார்த்த விடாம எனக்கே கேட்டுது.

"சார், அந்த செல்ல ஒரு நிமிஷம் குடுங்க. ஒரு வரிதான், சொல்லிட்டுக் குடுத்துடறேன்."

கார்த்திகேசன் செல்ல நெஞ்சோட அணைச்சிக்கிட்டாரு. "செல்போன் வழியா வர்றது பேச்சு. வைஃபை கால் வழியா வர்றதுதான் குரல். சட்டத்துல குரல்னுதான் இருக்குது."

வூட்டுக்கு வர்ற வழியில சத்யப்பிரியா அந்த வரி எழுதின தாள மடிச்சி பையில வெச்சிக்கிட்டா. அந்த வரிய செந்தமிழ்ல எழுதிக் குடுத்ததே அவதான், நான் "யாரும் படிக்கலீங்க"ன்னு சொல்லிடுவேன்னு பயந்து.

புதன்கெழம போனா, கார்த்திகேசன் சந்தோஷமா இருந்தாரு. "டெஸ்க்டாப்பு ஓய்வுல இருக்கட்டும். இன்னிக்கி லேப்டாப்பு போடுவோம்."

லேப்டாப்பும் பீரோவுக்குள்ளதான் குடித்தனம். பேட்டரி செத்து ரொம்ப நாளாச்சாம், வயர சொருவினாத்தான் உயிர். பீரோவுக்கு வெளிய எடுத்தா சிக்னலு போயிடுது, உள்ள வெச்சா முழுசா நாலு கோடு. அதனால நடுத் தட்டுல ரவுட்டருக்குப் பக்கத்துலயே லேப்டாப்ப வெச்சி, "நீங்க தலைய மட்டும் உள்ள விட்டுப் பேசுங்க"ன்னுட்டாரு. நாப்பத்தெட்டு வயசு ஆம்பள, பழைய பைலுக்கும் அந்துருண்டைக்கும் நடுவுல தலைய விட்டுக்கிட்டு, "எங்கள் குடும்பத்தில் இதுவரை எவரும்"னு ஆரம்பிச்சேன். பின்னால மக நிக்கிறாளேன்னு மானம் போச்சி.

சார்லஸோட கொரலு எனக்கு நல்லா கேட்டுது. "ஹலோ, ஹலோ, யாராவது இருக்கீங்களா?" என் கொரலுதான் அவருக்குப் போவல.

அப்பத்தான் லேப்டாப்ப கிட்டக்கப் பாத்தேன். திரைக்கு மேல நட்ட நடுவுல, ஒத்த ரூவா அளவுக்கு சந்தனம், அதுக்கு மேல குங்குமம். ஒரு பூச்சு இல்ல, வாராவாரம் வெச்சி வெச்சி காஞ்சி அடை மாதிரி எழும்பியிருக்குது. அந்த எடத்துலதான்யா மைக்கு ஓட்டை இருக்கும், ஊசிமுனை அளவுக்கு.

நான் தலைய வெளிய எடுத்தேன். "ஏம்மா, மைக்க சந்தனம் அடச்சிக்கிட்டு இருக்குதும்மா."

"அது மைக்கு இல்லண்ணா, நெத்தி"ன்னாங்க மங்கலம். "வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம வெப்பேன். மொதப் பொட்டு தொறப்பு விழா அன்னிக்கி எங்க துறை இயக்குநர் ஐயா கையால வெச்சது."

"ஒரு ஈரத்துணி குடுங்க, பக்குவமா தொடச்சிடறேன்."

அந்த அம்மா மொகம் வெளுத்துப்போச்சி. கார்த்திகேசன் கதவ சாத்திட்டு வந்து, குரலத் தாழ்த்திச் சொன்னாரு. "இவுங்களுக்கு முன்னாடி ஒரு அம்மா இருந்தாங்க. சுத்தக்காரி. ஈரத்துணியால தொடச்சாங்க. எட்டாம் நாளு திட்டக்குடிக்கு மாத்திட்டாங்க. எனக்கு சிதம்பரத்துல சொந்த வூடு இருக்குது தம்பி."

"அப்ப அந்த ஹெட்போனையாவது இதுல மாட்டுங்க சார். பக்கவாட்டுல மைக்குக்குன்னு ஓட்டை இருக்குதே."

"ஹெட்போன் டெஸ்க்டாப் கணக்குல வாங்கினது. லேப்டாப்புல மாட்டினா தணிக்கைத் தடை வரும்."

"சரி சார். அப்ப நான் எதுலதான் பேசறது?"

அவரு உண்மையிலயே யோசிச்சாரு. அப்புறம் ரொம்ப நேர்மையா சொன்னாரு: "மையம் பேசறதுக்காக ஆரம்பிச்சது இல்ல தம்பி. பேச வசதி இருக்குதுன்னு காட்டறதுக்காக ஆரம்பிச்சது."

வியாழக்கெழம காலையில மொத பஸ்ஸப் புடிச்சி கடலூருக்கே போயிட்டேன். மஞ்சக்குப்பத்துல எறங்கி விசாரிச்சி, செவிமடுப்பு அலுவலர்னு போட்ட ரூமுக்கு முன்னாடி போயி நின்னேன். ஏசி ரூமு. காதுல ஹெட்போன மாட்டிக்கிட்டு, கண்ண மூடி, சார்லஸ் ஒக்காந்திருந்தாரு. கோயில்ல தியானத்துல இருக்கிறவரு மாதிரி இருந்தாரு, எழுப்பவே மனசு வரல. மேசையத் தட்டினேன்.

"சிதம்பரம் ராஜாமணி சார். நேத்து பீரோவுக்குள்ளேருந்து பேசினது நான்தான்."

"அடடே, நீங்கதானா அந்த மௌனம்"னு கைய குலுக்கினாரு. நல்ல மனுஷன். அந்த ஆபீஸுல எல்லாருமே நல்ல மனுஷங்கதான், அதுதான் பேஜாரே.

"நேர்லயே சொல்லிட்டுப் போயிடறேன் சார். எங்கள் குடும்பத்தில் இதுவரை..."

சார்லஸ் டபக்குனு ரெண்டு காதையும் கையால பொத்திக்கிட்டாரு. "சொல்லாதீங்க, தயவு செஞ்சி சொல்லாதீங்க. நேர்ல கேட்டா நான் கேட்டதா ஆயிடும். அப்புறம் நாளைக்கே கால்ல வந்தா ரெண்டு தடவ கேட்டதா ஆயிடும். ஒரே குரல ரெண்டு தடவ கேக்கறது முறைகேடு."

"சார், மூணு அடி தூரத்துல நிக்கிறேன்."

"அதான் தப்பு. மக்கள் அலையக் கூடாதுன்னுதான் மையமே தொறந்திருக்கோம். நீங்க பாட்டுக்கு இங்க வந்து நின்னா, மையத்துக்கு எவ்ளோ கேவலம். இந்த வருஷம் சிதம்பரத்துலேருந்து நேர்ல வந்தவங்க யாரும் இல்லன்னு நான் முந்தாநாளே அறிக்கை அனுப்பிட்டேன். நீங்க வரல. புரியுதா? போவும்போது பின்பக்க வழியா போயிடுங்க."

"புகாராவது எழுதிக் குடுக்கலாமா?"

"தாராளமா. ஆனா எழுத்து செல்லாது, குரல்தான். சிதம்பரம் போயி வைஃபை கால்ல சொல்லுங்க, நான் இங்கதான் இருப்பேன். ஒரு வருஷமா காத புகாருக்குன்னே தொறந்து வெச்சிருக்கேன், ஒண்ணு கூட வரல. அவ்ளோ நல்லா நடக்குது மையம்."

பின்பக்க வழியாத்தான் வந்தேன். பஸ்ஸுல சன்னலோரம் ஒக்காந்து வந்தப்ப நெஞ்செல்லாம் எரிஞ்சது. என் பொண்ணு பன்னண்டு வருஷம் படிச்சிது, மார்க்கு வாங்கிச்சி, எடம் வாங்கிச்சி. நான் பண்ண வேண்டியது ஒரு வரி சொல்றது மட்டும். அது கூட என்னால முடியலியேன்னு இருந்தது.

அன்னிக்கி சாயங்காலம் மங்கலம் போன் பண்ணாங்க. செல்லுலதான். "அண்ணா, நாளைக்கு மையத்துக்கு ஓராண்டு நிறைவு விழா. இயக்குநர் ஐயா வர்றாரு. கடலூரோட நேரலையா பேசிக் காட்டணும். நல்ல மைக் செட்டு வேணும்னு சார் கேக்கறாரு. ஒங்கள விட்டா யாருண்ணா இருக்கா?"

நான் போன வெச்சிட்டு, போவ மாட்டேன்னேன். பொன்னி அரிசி களைஞ்சிக்கிட்டிருந்தா. நிமிந்து பாத்து, "ஒனக்கு ரோஷம் முக்கியமா, புள்ள எடம் முக்கியமா? மைக்க எடுத்துக்கினு போ"ன்னா.

வெள்ளிக்கெழம மதியானமே போயி செட்டு போட்டோம். வயரு சுத்த சத்யப்பிரியாவும் வந்தா. கார்த்திகேசன் ரூமுக்கு முன்னாடி மேடை. பீரோ கதவ அகலத் தொறந்து வெச்சி, ரவுட்டருக்கு சாமந்தி மாலை போட்டிருந்தாங்க. லேப்டாப்பு மேடை மேல. வெள்ளிக்கெழமங்கறதால நெத்தியில புதுசா ஒரு பூச்சு ஏறியிருந்தது.

"பொட்டு கலையாம கேக்க வெக்கணும் தம்பி"ன்னாரு கார்த்திகேசன்.

"பக்கவாட்டு ஓட்டையில என் வயர சொருவிக்கட்டா?"

"விழாவுக்குன்னா விதிய தளத்திக்கலாம்."

என் மிக்சர்லேருந்து ஒரு வயர எடுத்து லேப்டாப்பு பக்கவாட்டுல சொருவினேன். வேல முடிஞ்சிது. ஒரு நிமிஷம் கூட ஆவல. சன்னலுக்கு வெளிய ரெண்டு கூம்பு ஸ்பீக்கரு கட்டி, தெருப்பக்கம் திருப்பி விட்டேன்.

மூணு மணிக்கு விழா. இயக்குநர் ஐயா பொன்னாடைய வாங்கிக்கிட்டு பேசினாரு. "பெரியோர்களே, ஓராண்டு ஆகிவிட்டது. இந்த ஓராண்டில் இம்மையத்தைப் பற்றி ஒரே ஒரு புகார்கூட எங்கள் காதில் விழவில்லை. மக்கள் பேசட்டும் என்று நாங்கள் காத்திருந்தோம். அவர்கள் பேசவில்லை. இதிலிருந்து என்ன தெரிகிறது? மக்களுக்குச் சொல்வதற்கு எதுவும் இல்லை. இதைவிட ஓர் அலுவலகத்துக்கு வேறென்ன நற்சான்று வேண்டும்?" கைத்தட்டு அள்ளிச்சி. நான் கட்டின மைக்குலதான் பேசினாரு, ஒரு எழுத்து பிசிறில்லாம கேட்டுது.

அடுத்து நேரலை. பேச ஒரு பொதுஜனம் வேணும். பொதுஜனம் வந்தா ஏடாகூடமா எதையாவது பேசிடும்னு யாரையும் கூப்புடல போலருக்குது. கார்த்திகேசன் என் காதுகிட்ட வந்து, "நீங்களே பேசிடுங்க, ஒங்களுதுதான் நிலுவையில இருக்கே"ன்னாரு.

மைக்கப் புடிச்சேன். எத்தனையோ ஆயிரம் தடவ மைக்கப் புடிச்சிருக்கேன், "ஹலோ, மைக் டெஸ்ட்"டுக்கு மேல என் வாழ்க்கையில ஒரு வார்த்த பேசினதில்ல. "எங்கள் குடும்பத்தில் இதுவரை எவரும் பட்டம் பெறவில்லை என உறுதி கூறுகிறேன்." கூம்பு வழியா தெருவுக்கே போச்சி. எதிர் டீக்கடையில கிளாஸு கழுவிக்கிட்டிருந்தவன் நிமிந்து பாத்தான். நாங்க படிக்காதவங்கன்னு ஊருக்கே மைக்கு வெச்சி சொல்றமேன்னு ஒரு நொடி கூச்சமா இருந்தது. மகளப் பாத்தேன். அவ தலைய நிமித்தி நின்னுக்கிட்டிருந்தா. கூச்சம் போயிடுச்சி.

"மிகத் தெளிவாகக் கேட்கிறது"ன்னு சார்லஸ் கொரலு கடலூர்லேருந்து வந்தது. எல்லாரும் கைதட்டினாங்க. இயக்குநர் ஐயா கார்ல ஏறிப் போயிட்டாரு.

நாலு மணி ஆச்சி. பிரிண்டர்ல ஒண்ணும் வரல. நாலு பத்து. பந்தியில போண்டா போட்டுக்கிட்டிருந்தாங்க. நாலேகாலுக்கு சார்லஸ் செல்லுல வந்தாரு. கார்த்திகேசன் கேட்டுட்டு, மொகத்தத் தொங்கப் போட்டுக்கிட்டு என்கிட்ட வந்தாரு.

"நிராகரிச்சிட்டாரு தம்பி."

"ஏன் சார்? கேட்டுதுன்னாரே."

"அதான் விஷயம். ரொம்பத் தெளிவா கேட்டுடுச்சாம். விதி இருபத்திரெண்டு. இரைச்சல் இல்லாத குரல் முன்கூட்டிப் பதிவு செஞ்சதாக் கருதப்படும். நம்ம மையத்துலேருந்து இதுவரைக்கும் போன குரல் எல்லாமே கொரகொரன்னுதான் போயிருக்குது. ஒங்களுது மட்டும் இப்பிடி வந்தா அவரு என்னான்னு நம்புவாரு? அஞ்சி மணிக்குள்ள இன்னொரு வாய்ப்பு தர்றேன்னிருக்காரு. நல்ல மனசு."

சத்யப்பிரியா செல்லுல மணியப் பாத்தா. நாலு இருபது. கண்ணு கலங்கிடுச்சி அவளுக்கு. ஆனா அழுவல, "விடுப்பா, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்"னா.

அந்த வார்த்ததான் என்னைய கெளப்பிச்சி. அடுத்த வருஷமாம். எனக்கு வந்த ஆத்தரத்துக்கு அந்த பீரோவ சன்னல் வழியா தூக்கிப் போட்டிருப்பேன், கனம் ஜாஸ்தி.

மேடைக்குப் போனேன். இருபத்தெட்டு வருஷமா எதெல்லாம் ஆவாதுன்னு ஒதுக்கி வெச்சிருந்தேனோ, அத்தனையும் ஒண்ணா செஞ்சேன். மொதல்ல தெருவுக்குப் போற கூம்பு ரெண்டையும் நிறுத்தினேன். லேப்டாப்புக்குப் போற பின்ன பாதி வெளிய இழுத்து விட்டேன், கரகரன்னுச்சி. மிக்சர்ல கணீர்னு கேக்க வெக்கிற குமிழ சுத்தமா கொறச்சி, கும்முன்னு இருக்கிறத முழுசா ஏத்தினேன். பக்கத்துல ஓடற டேபிள் ஃபேன மைக்குப் பக்கம் திருப்பினேன். என் தோள் துண்ட எடுத்து மைக்கு மேல மூணு சுத்து சுத்தினேன். அப்பவும் கொஞ்சம் தெளிவாத்தான் இருந்தது. நல்ல மைக்கு அது, நான் ஆசப்பட்டு வாங்கினது. துண்டப் பிரிச்சி, வரவேற்புத் தட்டுல இருந்த சந்தனத்த அள்ளி மைக்கு வலையில தாராளமா அப்பி, நடுவுல குங்குமமும் வெச்சி, மறுபடியும் துண்ட சுத்தினேன்.

மங்கலம் கையில போண்டாவோட நின்னு பாத்துக்கிட்டிருந்தாங்க. "இப்பதான்ணா லட்சணமா இருக்குது"ன்னாங்க.

கால் ரிங் போச்சி. "ஹலோ, சிதம்பரமா?"ன்னாரு சார்லஸ்.

வரிய சொல்லத்தான் வாயத் தொறந்தேன். சத்தியமா. ஆனா அது ஏற்கெனவே சொல்லி, கேட்டு, தெளிவா இருக்குதுன்னு தள்ளுபடி பண்ண வரியாச்சே. ஒரே குரல ரெண்டு தடவ கேட்டா முறைகேடுன்னு அவரே சொல்லியிருக்காரு. அதுவும் இல்லாம, ஒரு வருஷமா காதத் தொறந்து வெச்சிக்கிட்டு காத்துக்கிட்டிருக்காரு பாவம்.

"யோவ், காது இருக்குதாய்யா ஒனக்கு?"ன்னு ஆரம்பிச்சேன். "பீரோவுக்குள்ள ரவுட்டர பூட்டி வெச்சிருக்கீங்க. மைக்குல சந்தனத்த அப்பிட்டு நெத்திங்கறீங்க. எதிர்ல வந்து நின்னு சொன்னா காதப் பொத்திக்கிறீங்க. நல்லா சொன்னா திருட்டுங்கறீங்க. ஒரு புள்ள படிப்பு போவுதேன்னு ஒருத்தனுக்காவது ஒறைக்குதா? இந்த ஜில்லாவுலயே ஒங்கள மாதிரி கூறு கெட்ட ஆபீஸு இன்னொண்ணு கெடையாது. என் பொண்ணு நர்சு ஆயி வருவா. வந்து மொதல்ல ஒங்க காதத்தான் கழுவி விடுவா."

துண்டுக்குள்ள அத்தனையும் "கொர்ர், கொம்ம், புஸ்ஸு"ன்னு போச்சி. பக்கத்துல நின்ன சத்யப்பிரியாவுக்கு மட்டும் முழுசா கேட்டுது. வாயப் பொத்திக்கிட்டா.

நான் எட்டி, மக கையில இருந்த செல்லுல மணியப் பாத்தேன்.

"ஆங்"ன்னாரு சார்லஸ், மனசு குளுந்து போயி. "இதுதாங்க குரல். இப்ப எப்பிடி உயிரோட்டமா வருது பாருங்க. உறுதிமொழி ஏற்கப்பட்டது."

நாலு நாப்பத்தொண்ணுக்கு பிரிண்டர் கதறிக்கிட்டே ஒரு தாளத் துப்பிச்சி. சத்யப்பிரியா அத மேசையில விரிச்சி, தன்னோட செல்லுல போட்டோ புடிச்சி, அங்கயே ஏத்திட்டா. அந்த வேலைக்கு அவளுக்கு ஒரு நிமிஷம் கூட ஆவல. எடம் உறுதின்னு மெசேஜு வந்தது.

அவ தாளக் கையில வெச்சிக்கிட்டு கடைசி வரிய எனக்குப் படிச்சிக் காட்டினா. சிரிப்ப அடக்கிக்கிட்டு, ஒவ்வொரு வார்த்தையா நிறுத்தி நிறுத்திப் படிச்சா.

"மேற்படி நபர் வாய்மொழியாகக் கூறிய ஒவ்வொரு சொல்லையும் செவிமடுத்து, அவை யாவும் உண்மையென ஏற்கப்படுகின்றன."

கீழ சார்லஸ் ஒப்பம், பக்கத்துல அரசு முத்திரை. நான் துண்டப் பிரிச்சி தோள்ல போட்டுக்கிட்டு, வயரு சுத்த ஆரம்பிச்சேன்.